நடுவானில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால்: இருக்கையில் இருப்பவர் செய்ய வேண்டியது

சிங்கப்பூரின் லோயாங்கில் விமான எஞ்சின்களைப் பிரித்துச் சோதித்து மறுபடி பூட்டும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடுகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்துப் பார்ப்பதும், போரஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை எஞ்சினுக்குள் செலுத்தி வெடிப்பு உண்டா என்று தேடுவதும் என் வேலை. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் சொந்தக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்பார்கள்: "மேலே போய் எஞ்சின் நின்னுட்டா நாங்க என்ன செய்யணும்?" திருச்சிக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களை மனத்தில் வைத்து அதற்குப் பதில் எழுதுகிறேன்.

பயணியின் வேலை இரண்டுதான். விமானச் சிப்பந்தி உட்காரச் சொன்னால் இருக்கை வாரைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். வெளியேறச் சொன்னால் ஒரு பொருளையும் எடுக்காமல் அந்த நொடியே கிளம்ப வேண்டும். எந்த நேரத்தில் எது என்பதை விமானியும் சிப்பந்திகளும் முடிவு செய்வார்கள். இதைச் செய்யக் கடினமாக்கும் பழக்கங்கள் நமக்கு நிறைய உண்டு. அவற்றை முன்கூட்டியே சரிசெய்துகொள்வதுதான் தயாரிப்பு.

முதலில் பயத்தைப் பற்றி

இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை வைத்துக்கொண்டே பறக்கும், ஏறும், இறங்கும். அப்படிப் பறக்க முடியும் என்று நிரூபித்த பிறகுதான் அதற்குச் சான்றிதழே கிடைக்கும். ஓடுபாதையில் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகம் வரை கோளாறு வந்தால் விமானி நிறுத்திவிடுவார்; அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் ஓர் எஞ்சின் போனாலும் மேலே எழும்புவார், ஏனென்றால் அதற்குப் பிறகு நிறுத்த ஓடுபாதை போதாது. அந்த வேகத்தை ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பே, அன்றைய எடைக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். சரியாக அந்தக் கணத்தில் எஞ்சின் போவதைச் சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கூண்டில் உண்டாக்கி, விமானிகளைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

வங்காள விரிகுடா மேல் போகும்போது கீழே வெறும் கடல்தானே என்று கேட்பார்கள். இரட்டை எஞ்சின் விமானம் எங்கே இருந்தாலும், ஓர் எஞ்சினிலேயே குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய பாதையில்தான் பறக்க வேண்டும் என்பது விதி. 3 மணி நேரத் தூரம் வரை விலகிப் பறக்க அனுமதி வேண்டுமானால், அந்த விமான–எஞ்சின் இணையில் 50,000 எஞ்சின் மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எஞ்சின் நிற்கும் நிலை இருக்கக்கூடாது. ஓர் எஞ்சின் நின்றால் அதே உயரத்தில் நீடிக்க முடியாது. விமானம் பல ஆயிரம் அடி மெல்ல இறங்கி, அங்கே நிலைத்துப் பறக்கும். கீழே இறங்குவதை உணர்ந்ததும் "விழுகிறோம்" என்று கத்திவிடாதீர்கள், அது திட்டமிட்ட இறக்கம்.

இரண்டும் நின்றுவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 24 ஆகஸ்ட் 2001 அன்று ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 விமானம், எரிபொருள் ஒழுகித் தீர்ந்து, அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் எஞ்சினே இல்லாமல் ஏறத்தாழ 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதில் இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். உயரம் இருந்தால் அதைத் தூரமாக மாற்றிக்கொள்ள முடியும்.

உயரம் இல்லாதபோது நிலைமை வேறு. 12 ஜூன் 2025 அன்று அகமதாபாத்தில் புறப்பட்ட சில நொடிகளில் ஏர் இந்தியா 787 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் சக்தி இழந்தன. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியில் மூடிய நிலைக்குப் போயிருந்தன என்று இந்திய விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை சொன்னது. அந்தப் படங்கள் நம் எல்லார் மனத்திலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிகழ்வில் பயணி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதை மறைத்து நான் தைரியம் சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் கோளாறுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. நேரம் இருக்கிறது, விமானிக்கு வழி இருக்கிறது, பயணிக்கும் வேலை இருக்கிறது.

கிளம்புவதற்கு முன், வீட்டிலேயே

நம் வீட்டுப் பெண்கள் ஊருக்குப் போகும்போது நகை, கடவுச்சீட்டு, மருந்து, ரொக்கம் எல்லாவற்றையும் ஒரே கைப்பையில் வைத்து அதை மேலே இருக்கும் பெட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டியில் போட்டுவிட்டால் அவசரத்தில் அதை விட்டுவிட்டு வர மனம் வராது. தாலிக்கொடி இருக்கும் பையை யார் விட்டுவிட்டு வருவார்கள்? ஆகவே விட முடியாததை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். முஸ்தபா கடையிலோ தேக்கா சந்தையிலோ மெலிதான இடுப்புப் பை கிடைக்கும். கடவுச்சீட்டு, அத்தியாவசிய மருந்து, கைபேசி, நகையில் முக்கியமானது, இவ்வளவும் அதில் அடங்கிவிடும். மற்றதெல்லாம் கருகினாலும் போகட்டும் என்ற நிலையில் நீங்கள் இருக்கையில் உட்கார வேண்டும். இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பருத்தி உடை நல்லது. மெல்லிய செயற்கை இழைத் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். காலில் நன்றாகப் பிடிக்கும் காலணி இருக்கட்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் அதைக் கழற்றி வைக்காதீர்கள், நடுவில் கழற்றிக்கொள்ளலாம். புடவை கட்டிப் போகும் பெரியவர்களிடம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, ஆனால் முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிப் பிடிப்பது எப்படி என்று வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன்.

இருக்கை பதிவு செய்யும்போது சில வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும் குடும்பம் சேர்ந்து உட்காரும்படி பதிவு செய்யுங்கள். பிள்ளை பின்னால், தாய் முன்னால் என்று பிரிந்து உட்கார்ந்தால் அவசரத்தில் தாய் கூட்டத்தை எதிர்த்துப் பின்னால் போவாள். அங்கே வழி அடைபடும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் அதைக் கொண்டு கைபேசிக்கு மின்னேற்றுவதற்கும் தடை.

உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம்

என் மாமியாருக்குச் சிப்பந்தி காட்டும் பாதுகாப்பு விளக்கத்தில் பெரிய வருத்தம். "அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல வேகமாச் சொல்லுது, எனக்கு ஒண்ணும் வெளங்கல கண்ணு" என்பார். நான் சொன்னேன்: "அத்தை, வாயைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க. கை எந்தப் பக்கம் காட்டுதோ அங்கதான் கதவு." இப்போது அவர் உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் திரும்பிப் பார்த்து, கதவு வரை எத்தனை வரிசை என்று முதுகுச்சாய்வுகளைத் தொட்டு எண்ணுகிறார். புகை நிறைந்தால் கண் உதவாது. அந்த எண்ணிக்கைதான் உதவும். பின்னால் இருக்கும் கதவையும் எண்ண வேண்டும், ஏனென்றால் நாம் ஏறிய கதவை நோக்கியே எல்லாரும் ஓடுவார்கள்.

வாரை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் இறுக்கிப் போடுங்கள். கர்ப்பிணியானால் வயிற்று மேட்டுக்குக் கீழே. புடவைக் கொசுவம் மொத்தமாகச் சுருண்டு வாருக்கும் உடம்புக்கும் நடுவில் கிடந்தால் வார் தளர்வாகிவிடும், அதை நீவிவிடுங்கள். பிறகு வாரை இரண்டு மூன்று தடவை கழற்றிப் போட்டுப் பாருங்கள். கார் வாரில் பொத்தானை அமுக்குவோம். விமானத்தில் மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை தனக்குப் பழகியதையே செய்யும். கைக்குழந்தைக்குச் சிப்பந்தி தரும் சிறு வாரை உங்கள் வாரோடு கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே வாரில் கட்டக்கூடாது, உங்கள் எடை குழந்தையை நசுக்கும்.

வார் விளக்கு அணைந்த பிறகும் கழற்றாதீர்கள். 21 மே 2024 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 321 மியன்மாருக்கு மேலே கடுமையாகக் குலுங்கியது. 5 நொடிகூட ஆகவில்லை, விமானம் 178 அடி இறங்கியது. வார் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பிலும் தலையிலும் காயம். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாத விமானம் அது.

எந்தச் சத்தம் எதனால்

ஏ320 விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் காலுக்கடியில் மரம் அறுப்பது போல ஓர் ஓசை விட்டுவிட்டுக் கேட்கும். எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தம் கொடுக்கும் பம்பின் வேலை அது. புறப்பட்டதும் "தடால்" என்றால் சக்கரங்கள் உள்ளே மடங்குகின்றன. சாங்கியிலிருந்து எழும்பிய ஒன்றிரண்டு நிமிடத்தில் எஞ்சின் இரைச்சல் சட்டென்று குறையும். ஏறுவதற்குத் தேவையான அளவுக்கு விசையைக் குறைக்கிறார்கள். முதல் முறை பறப்பவர்கள் பலர் அந்தக் கணத்தில்தான் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

உண்மையான கோளாறின் அறிகுறிகள் வேறு. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரே ஒரு பெரும் சத்தமோ அடுத்தடுத்துப் பல வெடிகளோ கேட்கலாம். எஞ்சினின் பின்புறமிருந்தோ முன்புறமிருந்தோகூட நெருப்பு பாயலாம். இருக்கை அதிரும், விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். எண்ணெய் கருகும் வாடை காற்றோட்டக் குழாய் வழியாக உள்ளே வரலாம். அடுத்தடுத்து வெடித்து நெருப்பைக் கக்குவது பெரும்பாலும் எஞ்சினுக்குள் காற்றோட்டம் தடுமாறுவதால் வருவது. பறவை மோதினாலும் வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் எஞ்சின் எரிகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. விமானி விசையைக் குறைத்தால் பல நேரங்களில் அடங்கிவிடும்.

இங்கே என் பட்டறை அறிவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டர்பைன் பிளேடைச் சுற்றி ஓடும் வாயுவின் வெப்பம், அந்த பிளேடின் உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் போட்டு, குளிர்ந்த காற்றை அவற்றின் வழியே ஓடவிட்டுத்தான் அதை உருகாமல் காக்கிறார்கள். அந்தத் துளை ஒன்று அடைபட்டிருந்தால்கூட பிளேடை ஒதுக்கி வைப்போம். முன்னால் தெரியும் பெரிய ஃபேன் பிளேடு முறிந்தால் அது உறையை உடைத்து வெளியே வரக்கூடாது. சான்றிதழ் சோதனையில் முழு வேகத்தில் சுழலும் எஞ்சினில் ஒரு பிளேடை வேண்டுமென்றே வெடிவைத்து முறிக்கிறார்கள். ஆனால் பிளேடுகளைத் தாங்கும் டர்பைன் டிஸ்க் உடைந்தால் எந்த உறையாலும் அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆயுள் குறித்து, எத்தனை முறை பறந்தது என்று எண்ணி, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் நாள் வந்ததும் கழித்துவிடுகிறோம்.

அப்படி ஒரு டிஸ்க் உடைந்தது நமக்கு மிக அருகில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவின் மேல். 4 நவம்பர் 2010 காலை சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380, கியூஎஃப் 32. எஞ்சினுக்குள் இருந்த ஒரு சிறு எண்ணெய்க் குழாயின் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. தயாரிக்கும்போதே துளை மையம் விலகிக் குடையப்பட்டிருந்தது. குழாய் வெடித்து எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது, டிஸ்க் பிய்ந்து இறக்கையைத் துளைத்தது. துண்டுகள் பாத்தாமில் வீடுகள் மீது விழுந்தன. 469 பேர் இருந்த அந்த விமானம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து சாங்கியிலேயே இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தொழிலில் இருந்த ஒவ்வொருவரும் தாங்கள் கையொப்பமிட்ட வேலையை நினைத்துப் பார்த்திருப்பார்கள். நான் நினைத்தேன்.

சத்தம் கேட்ட பிறகு

வாரை இறுக்குங்கள். காலணியைப் போடுங்கள், இருக்கையை நிமிர்த்துங்கள், ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள். எழுந்து மற்ற பக்கத்து ஜன்னலை எட்டிப் பார்க்க வேண்டாம். விமானி உடனே பேச மாட்டார். விமானத்தைக் கட்டுக்குள் வைப்பது, பாதையைத் தீர்மானிப்பது, கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசுவது, அதற்குப் பிறகுதான் பயணிகள். அந்த மௌனம் நீண்டால் அவர் வேலையில் மூழ்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் முகமூடி கீழே விழுந்தால் இழுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுங்கள். 17 ஏப்ரல் 2018 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில் ஃபேன் பிளேடு முறிந்து, சிதறிய பாகம் ஜன்னலை உடைத்தது. ஒரு பயணி உயிரிழந்தார். அப்போது உள்ளே எடுத்த படங்களில் பலர் வாயை மட்டும் மூடி, மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். முகமூடியோடு தொங்கும் பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும். உங்களுக்குப் போட்டுக்கொண்டு பிறகு பிள்ளைக்கு. இது தாய்மார்களுக்குக் கேட்கவே பிடிக்காத விதி. 35,000 அடியில் தெளிவான நினைவு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் நிற்கும். நீங்கள் மயங்கினால் பிள்ளைக்குப் போட ஆளில்லை.

கண்டதைச் சொல்லுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 8 ஜனவரி 1989 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் 737-400 விமானத்தில் இடது எஞ்சினின் ஃபேன் பிளேடு முறிந்தது. விமானிகள் வலது எஞ்சினில் கோளாறு என்று நினைத்து நல்ல எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். விசையைக் குறைத்ததால் அதிர்வு தற்செயலாகக் குறைந்தது. சரியாகிவிட்டது என்று தோன்றியது. வலது எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்று தலைமை விமானி அறிவித்தார். இடது பக்கத்தில் நெருப்பைப் பார்த்த பயணிகள் குழம்பினார்கள். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. விமானிக்குத் தெரியாததா என்ற எண்ணம். தரையிறங்கும் நேரத்தில் பழுதான இடது எஞ்சினும் போய்விட, கெக்வொர்த் அருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

பெரியவர்கள், படித்தவர்கள், சீருடை போட்டவர்கள் முன்னால் வாய் திறக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர். விமானத்தில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். சிப்பந்தியைக் கூப்பிடும் பொத்தானை அழுத்துங்கள். எழுந்து ஓட வேண்டாம். எந்தப் பக்கம், என்ன பார்த்தீர்கள், இப்போதும் தெரிகிறதா என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். ஆங்கிலம் வராதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: "லெஃப்ட் சைட், ஃபயர்." "ரைட் சைட், ஸ்மோக்." இறக்கையிலிருந்து ஏதோ ஒழுகினால் "லீக்கிங்." முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் உங்கள் இடது கைதான் விமானத்தின் இடது. தமிழில் சொன்னாலும் விரலால் காட்டுங்கள், யாராவது மொழிபெயர்ப்பார்கள்.

விமானியால் தன் அறையிலிருந்து எஞ்சினைக் கண்ணால் பார்க்க முடியாது. கியூஎஃப் 32 விமானத்தில் ஒரு விமானியைப் பயணிகள் பகுதிக்கு அனுப்பித்தான் இறக்கையைப் பார்த்து வரச் சொன்னார்கள். 2016இல் மிலானுக்குப் போன எஸ்கியூ 368இல் எரிபொருள் வாடை பயணிகள் பகுதிக்கே வந்தது. நம் மூக்கும் கண்ணும் அவர்களுக்குத் தேவை.

விமானம் வானத்தில் வட்டமிட்டால் கவலைப்படாதீர்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திருச்சி வானிலேயே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எடையோடு இறங்கினால் சக்கரத்துக்கும் ஓடுபாதைக்கும் பாரம். 737, ஏ320 ரகங்களில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி இல்லை; எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அந்த விமானம் நல்லபடியாக இறங்கியது.

இறங்கும்போது

"பிரேஸ், பிரேஸ்" என்று குரல் கேட்டால் தலையை முன்னிருக்கையின் முதுகில் சாய்த்து, கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைமேல் வையுங்கள், விரல்களைக் கோக்காதீர்கள். பாதங்கள் தரையில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். கால்கள் முன்னால் நீண்டிருந்தால் முன்னிருக்கையின் அடியில் மோதி எலும்பு முறியும்; நடக்க முடியாதவர் வெளியேறவும் முடியாது. கடலில் இறங்க நேர்ந்தால் உயிர்காப்பு உடையை அணியுங்கள், ஆனால் கதவைத் தாண்டும்வரை ஊதாதீர்கள். 1996இல் கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் உள்ளேயே ஊதிக்கொண்ட பலர் கூரையில் மிதந்து வெளியேற முடியாமல் இறந்தார்கள்.

உட்காருவதா, ஓடுவதா

கியூஎஃப் 32 சாங்கியில் நின்ற பிறகும் ஆபத்து தீரவில்லை. இறக்கையிலிருந்து எரிபொருள் கொட்டிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் கொதித்தன, இன்னோர் எஞ்சின் அணைக்க முடியாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. ஏறக்குறைய 3 மணி நேரம் நீரும் நுரையும் அடித்துத்தான் அதை நிறுத்தினார்கள். தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பயணிகளைக் காற்றடைத்த அவசரச் சறுக்குகளில் இறக்கவில்லை. எரிபொருள் குளத்துக்குள், ஓடும் எஞ்சினுக்கு அருகில் மக்களை இறக்குவதைவிட, தீயணைப்பு வண்டிகள் சூழ உள்ளே வைத்திருப்பது பாதுகாப்பு என்று முடிவெடுத்து, பிறகு ஒரே பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறக்கினார். எஸ்கியூ 368 2016 ஜூன் 27 காலை சாங்கிக்குத் திரும்பி இறங்கியதும் வலது இறக்கை தீப்பற்றியது. 241 பேர் உள்ளே, ஜன்னலில் தழல். தீயணைப்பாளர்கள் சில நிமிடத்தில் அணைத்தார்கள். எல்லாரும் படிக்கட்டு வண்டியில் இறங்கினார்கள், ஒரு காயமும் இல்லை. அன்று ஒருவர் பயத்தில் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்திருந்தால்?

இன்னொரு பக்கமும் உண்டு. 22 ஆகஸ்ட் 1985 அன்று மான்செஸ்டரில் புறப்பட ஓடிய 737இன் எஞ்சின் வெடித்து எரிபொருள் தொட்டி துளைபட்டது. விமானம் தரையைவிட்டு எழும்பவே இல்லை. அந்தத் தீயில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். அங்கே ஒவ்வொரு நொடியும் உயிர். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350இல் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. இருந்தும் 379 பேரும் வெளியே வந்தார்கள். சிப்பந்திகள் ஒவ்வொரு கதவிலும் வெளியே நெருப்பு உண்டா என்று பார்த்துத் திறந்தார்கள், பயணிகள் பைகளை விட்டுவிட்டு வந்தார்கள். 2016இல் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போய் விபத்துக்குள்ளான எமிரேட்ஸ் விமானத்துக்குள் எடுத்த காணொளியில் நம் மக்கள் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்தது. 300 பேரும் தப்பினார்கள். சில நிமிடத்தில் தொட்டி வெடித்தது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்விட்டார்.

நெருப்பு கண்ணில் தெரிவதை வைத்து நீங்கள் முடிவெடுக்க முடியாது என்பதை இந்த ஐந்து நிகழ்வுகளிலும் பார்க்கலாம். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் மட்டும், தாமதம் வேண்டாம். புகை இருந்தால் குனிந்து, தரை விளக்குகளைப் பின்தொடருங்கள். துண்டையோ முந்தானையையோ நனைத்து மூக்கில் பிடிக்கலாம், அதைத் தேடி நிற்க வேண்டாம். சறுக்கின் வாயில் உட்காராதீர்கள், கைகளை மார்பில் கட்டிக் குதியுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிடுங்கள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். தயங்கி நிற்கும் பாட்டியைச் சிப்பந்தி தள்ளிவிட்டால் கோபப்படாதீர்கள், அவருக்குக் கற்றுக்கொடுத்திருப்பது அதுதான். கீழே வந்ததும் காற்று வரும் திசையை நோக்கி விமானத்திலிருந்து விலகி நடங்கள். தீயணைப்பு வண்டி வரும் பாதையில் நிற்கக்கூடாது. கைபேசியில் படமெடுக்க நிற்கும் ஒருவர் பின்னால் வரும் ஐம்பது பேரை மறிக்கிறார்.

பிறகு

வீட்டுக்கு ஒரே வரியில் செய்தி அனுப்புங்கள், "இறங்கிவிட்டோம், எல்லாரும் நலம்" என்று. சாங்கியில் காத்திருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். உள்ளே விட்ட பைகளை விமான நிறுவனம் எடுத்துத் தரும். அவற்றைப் பற்றி அங்கே நிற்கும் ஊழியரிடம் சண்டை வேண்டாம். உடம்பில் வலி தெரியாவிட்டாலும் மருத்துவக் குழுவிடம் காட்டிவிடுங்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் எலும்பு தேய்ந்த பெரியவர்களும்.

சிங்கப்பூரில் இத்தகைய நிகழ்வுகளைப் போக்குவரத்து அமைச்சின் விபத்து விசாரணைப் பிரிவு ஆராய்கிறது. அதன் நோக்கம் யாரையும் தண்டிப்பதல்ல, காரணத்தைக் கண்டுபிடிப்பது. உங்கள் இருக்கை எண், முதல் சத்தம் எப்போது கேட்டது, அதற்கு முன் வாடை வந்ததா பின் வந்ததா, எந்தப் பக்கம் என்ன தெரிந்தது, எல்லாவற்றையும் அன்றிரவே தாளில் எழுதுங்கள். மற்றவர்களோடு பேசப் பேச நினைவு கலந்துபோகும். காணொளி எடுத்திருந்தால் வெட்டாமல், ஓசையோடு அப்படியே வைத்திருந்து கேட்பவர்களிடம் கொடுங்கள். எத்தனை வெடி, எவ்வளவு இடைவெளி என்பதை வைத்தே எங்கே பார்க்க வேண்டும் என்று பட்டறையில் இருப்பவர்கள் தேடத் தொடங்குவார்கள்.